கோழிக்கு டிக்கெட்

ஜனவரி 7, கோயம்புத்தூர்

ஊர் ஊராகப் போகும் நாடகக்காரர்களுக்குக் காலை என்பது சும்மா கிடக்கிற நேரம். மற்றவர்கள் தூங்கிக் கழிக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வராது. அதனால் இந்தப் பயணத்தில் எழுதி வைப்பது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் நாடகத்தின் பெயர் 'கடைசி ஸ்டாப்'. ஒரு டவுன் பஸ்ஸில் காலையிலிருந்து ராத்திரி வரை நடக்கிற கதை. பாதி வசனம், பாதி பாட்டு. பக்கவாட்டில் வெட்டித் திறந்த பஸ் ஒன்று மேடை நடுவே நிற்கும். நான்தான் அதில் கண்டக்டர். கதாநாயகன் என்று நானே சொல்லிக்கொள்வது அழகில்லை. ஆனால் சுவரொட்டியில் இருப்பது என் முகம். என் மனைவி பியூலா உடைகளுக்குப் பொறுப்பு. எல்லாருடைய துணியையும் துவைத்து, தேய்த்து, கிழிந்ததைத் தைத்து, மேடை ஓரத்தில் நின்று காட்சிக்குக் காட்சி எடுத்துக் கொடுப்பாள்.

நேற்று கோமளா அக்காவுக்கு மஞ்சள் காமாலை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோழிக்கூடையோடு பஸ் ஏறி, கோழிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று கண்டக்டரிடம் சண்டை போடுகிற கோழிக்காரம்மா வேஷம் அவருடையது. சின்ன வேஷம், ஒரே காட்சி. ஆனால் அது இல்லாமல் கதை நகராது. எங்கள் இயக்குநர் வசுமதி மேடம், இந்த வசனம் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். துணி மடித்துக்கொண்டிருந்த பியூலா தலை நிமிராமல், எனக்குத் தெரியும் மேடம் என்றாள். தினமும் ஓரத்தில் நின்று கேட்கிறவள்தானே. நடிக்கத் தயங்கியபோது, செய் என்று முதலில் அவளைத் தைரியப்படுத்தியது நான்தான். அதைக் குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 8, கோயம்புத்தூர்

நன்றாகவே செய்தாள். வசனம் மறக்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள்.

கோமளா அக்கா அந்தக் காட்சியில் கையை வீசிக் கத்துவார். பியூலா கத்தவில்லை. எங்கள் பாளையங்கோட்டைப் பேச்சில், பக்கத்து வீட்டுக்காரியிடம் கறிவேப்பிலை கேட்கிற மாதிரி சண்டை போட்டாள். சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். புது ஆள் என்றால் ஜனங்கள் ஆதரவு கொடுப்பது வழக்கம்தான்.

அறைக்கு வந்ததும் அவளுக்கு ஒன்று விளக்கினேன். அந்தக் காட்சியின் சிரிப்பு கண்டக்டர் கேட்கிற கேள்வியில் இருக்கிறது. கேள்வி சரியாக விழுந்தால் பதிலை யார் சொன்னாலும் சிரிப்பார்கள். பியூலா தலையணை உறையை மாட்டிக்கொண்டே, "சரிங்க" என்றாள். அவள் முகம் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

ஜனவரி 11, ஈரோடு

நேற்று அவள் நாடகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டாள்.

கோழிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும், அவள் கூடையைத் திறந்து கோழியின் தலையை வெளியே எடுத்தாள். துணியில் அவளே தைத்த கோழி. உள்ளே கையை விட்டு ஆட்டுவாள். அதன் முகத்தைப் பார்த்து, "கேட்டியா? அய்யா உனக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லுதாவ. நீ இறங்குதியா, நான் இறங்கட்டுமா?" என்றாள். கோழி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

அரங்கம் அதிர்ந்தது. நான் டிக்கெட் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். சிரிப்பு அடங்கும் வரை எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.

அந்தக் காட்சி முடிந்த உடனே என் பாட்டு வருகிறது. தினமும் என் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த பெண் ஒருநாள் வராமல் போனதைப் பற்றிய பாட்டு. நாடகத்தின் உயிரே அதுதான். நான் முதல் வரியை எடுத்தபோது மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் இன்னும் கோழியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வசு மேடத்திடம் பாட்டின் நன்மைக்காகச் சொன்னேன். அவர், "சாம், அது தங்கம். தொடவே கூடாது" என்றார்.

ஜனவரி 13, சேலம்

காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. ஊக்கு குத்திக்கொண்டு பாடினேன்.

ஜனவரி 15, சேலம்

பொங்கல். நாடகம் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் திறந்திருந்த ஒரு டிபன் கடையில் சாப்பிடப் போனோம். பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம். அந்த அம்மா பியூலாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, நீங்கள்தானே அந்தக் கோழிக்காரம்மா என்று கேட்டார். முந்தின நாள் நாடகம் பார்த்தார்களாம். அவருடைய மாமியார் வீட்டுக்கு வந்தும் சிரித்துக்கொண்டே இருந்தாராம். பியூலா வெட்கத்தில் இலையைப் பார்த்தாள்.

ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, அந்த அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். எடுக்கச் சொல்லி.

நாடகத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் மேடையில் இருக்கிறேன். தொப்பி இல்லாமல் பார்த்தால் அடையாளம் தெரியாதுதான். போட்டோ எடுத்தேன். கொஞ்சம் ஆடிவிட்டது போலிருக்கிறது, பியூலாவின் தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது. கடைக்குள் வெளிச்சம் சரியில்லை.

ஜனவரி 18, திருச்சி

நாடகம் நீளமாகிக்கொண்டே போகிறது. யாராவது அதைச் சுருக்கத்தானே வேண்டும்.

நேற்று அவள் கூடையைத் திறந்தாள். கோழியின் தலை வெளியே வந்தது. அவள் வாயைத் திறக்கும் முன் நான் விசில் ஊதி, போலாம் ரைட் என்றேன். டிரைவராக நடிக்கிற ரியாஸ் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு பஸ்ஸை நகர்த்தினான். விளக்கு மாறியது. என் பாட்டு தொடங்கியது. ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாத அரங்கத்தில் முதல் வரியை எடுத்தேன்.

பியூலா கையில் கோழியோடு இருட்டில் அப்படியே நின்றாள். பாட்டு பாடும்போதே அது என் கண்ணில் பட்டது.

ஜனவரி 19, திருச்சி

வசு மேடம் எல்லார் முன்னாலும் கோழிக் காட்சி என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் பியூலா, நான்தான் மேடம் கூடையைத் திறக்க நேரமாக்கிவிட்டேன், அவர் சமாளித்தார் என்று சொல்லிவிட்டாள்.

அப்படிச் சொல்லச் சொல்லி நான் அவளிடம் கேட்கவில்லை.

நேற்று ராத்திரி அறையில் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். விசிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நானும் என் பக்கத்தைச் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 21, திருச்சி

வசு மேடம் காபி குடிக்கக் கூப்பிட்டார். கோமளா அக்கா இனி வரப்போவதில்லையாம். பியூலாவையே மிச்சம் இருக்கிற ஊர்களுக்கும், அதன்பின் மலேசியாவுக்கும் அந்த வேஷத்தில் வைத்துக்கொள்ள நினைக்கிறார். துணிகளுக்கு வேறு ஆள் போட்டுவிடலாம். அடுத்த நாடகத்திலும் அவளுக்கு ஒரு பெரிய வேஷம் யோசித்திருக்கிறார். "அவங்ககிட்ட சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு. நீங்கதான் ரொம்ப சந்தோஷப்படுவீங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு குடும்பம் என்றால் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறார். அம்மாவுக்கு முட்டு வலி. மாடிப்படி ஏற முடியவில்லை, ஆபரேஷன் தேவைப்படலாம், பியூலாவே ஊரோடு போய் இருந்துவிட நினைக்கிறாள் என்று சொன்னேன். நீங்கள் கேட்டால் மறுக்க முடியாமல் சங்கடப்படுவாள், அதனால் அவளிடம் பேச வேண்டாம் என்றும் சொன்னேன்.

அம்மாவுக்கு முட்டு வலி இருப்பது உண்மை. போன மழைக்காலத்தில்கூடச் சொன்னார்.

ஜனவரி 24, மதுரை

மேடம் ஒன்றும் சொல்லவில்லையா என்று பியூலா கேட்டாள். இல்லை என்றேன்.

ஜனவரி 26, மதுரை

சென்னையிலிருந்து வேறொரு நடிகை வருகிறாராம், நாகர்கோவிலில் வந்து சேர்ந்துகொள்வாராம். மேடத்தின் உதவியாளர் அவருடைய அளவை போனில் வாங்கி பியூலாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கோழிக்காரம்மாவின் ரவிக்கையை அந்த அளவுக்குச் சரிசெய்ய வேண்டும்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். நான் கட்டிலில் படுத்து வசனம் படித்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "நான் நல்லாச் செய்யலியோங்க?" என்று கேட்டாள்.

வருகிறவர் பழகின நடிகையாக இருக்கும் என்றேன்.

அவள் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். முதல் தடவை நுழையவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. நான் எழுந்துபோய்க் கோத்துக் கொடுத்தேன்.

ஜனவரி 30, திருநெல்வேலி

சொந்த ஊர். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், சர்ச் பாடகர் குழுவில் பாடியவர்கள் என்று நேற்று இரண்டு வரிசை நிறைய வந்திருந்தார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவோடு வந்திருந்தார்.

எங்கள் ஊர்ப் பேச்சை எங்கள் ஊரிலேயே பேசினால் என்ன ஆகும்? பியூலா ஏறி, "யம்மா, எம்புட்டுக் கூட்டம்" என்ற உடனே தொடங்கிய சிரிப்பு கோழி தலை நீட்டியபோது கைதட்டலாகி, பஸ் நகர்ந்த பிறகும் நிற்கவில்லை. நான் பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். முடிந்ததும் என் வகுப்புத் தோழன் தேவசகாயம் மேடைக்குப் பின்னால் வந்து பியூலாவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் நல்லாப் பாடுன, மக்கா" என்றான்.

நீயும்.

அதற்குள் வசு மேடம் அம்மாவைப் பார்த்துவிட்டார். அம்மா பின்பக்கத்துப் படிகளில் விறுவிறுவென்று ஏறி மருமகளைக் கட்டிப்பிடிக்க வந்துகொண்டிருந்தார். வலியோடு ஏன் வந்தீர்கள், ஆபரேஷன் எப்போது என்று மேடம் அக்கறையாகக் கேட்டார்.

"ஆப்பரேசனா? எனக்கா? யாரு சொன்னா?" என்றார் அம்மா.

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு பியூலாவைப் பார்த்து, நீங்கள் ஊருக்குப் போக வேண்டும் என்று சாம் சொன்னாரே என்றார். பியூலா கோழிக்கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். அம்மா ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு என் முகத்தை மட்டும் பார்த்தார்.

ஜனவரி 31, திருநெல்வேலி

சண்டை என்று சொல்ல முடியாது. அவள் குரல் உயரவே இல்லை. அறையில் தன் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"நான் நல்லாச் செய்யலியோன்னு உங்ககிட்டதான கேட்டேன்."

நான் உன் நன்மைக்கு என்று தொடங்கினேன். அவள் அதைக் கேட்கவில்லை.

"ரவிக்கையப் பிரிச்சி வேற ஒருத்திக்குத் தச்சிட்டு இருந்தேன். நீங்க கட்டில்ல கெடந்து பாத்துட்டு இருந்திய. ஊசிக்கு நூலு வேற கோத்துத் தந்திய."

அவள் இன்னொரு சேலையை மடித்தாள்.

"பொறாமைன்னா பொறாமைன்னு சொல்லிருக்கலாம்லா. நான் ரெண்டு நாளு சண்ட போட்டுட்டு விட்டுருப்பேன். அத்தைக்கு முட்டு வலின்னு சொன்னா, அதோட நான் எப்படிச் சண்ட போட?"

அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்க வேண்டாம். நான் பொறாமைக்காரன் இல்லை. அவளுடைய முதல் நாளில் தைரியப்படுத்தியதே நான்தான்.

அவள் போய் வசு மேடத்திடம், எனக்கு நடிக்க ஆசை, மலேசியாவுக்கும் வருகிறேன் என்று தானே சொல்லிவிட்டாள். சென்னை நடிகையை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பியூலா பையை எடுத்துக்கொண்டு குழுப் பெண்கள் தங்கியிருக்கும் அறைக்குப் போனாள். அம்மா வீட்டுக்குச் சாப்பிட வரும்படி அவளுக்கு போன் செய்திருக்கிறார். எனக்குச் செய்யவில்லை.

பிப்ரவரி 1, திருநெல்வேலி

நேற்று பஸ்ஸின் படியிலிருந்து குதித்து இறங்குகிற இடத்தில் கால் மடங்கிவிட்டது. எப்போதும் மேடை ஓரத்தில் பியூலா நிற்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் குதிப்பேன். நேற்று அங்கே அவளுக்குப் பதிலாகப் புதிதாக வந்த உடைக்காரர் நின்றார். ஒரு காலிலேயே மிச்ச நாடகத்தை முடித்தேன். எலும்பு முறியவில்லை, ஒரு வாரம் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நாகர்கோவிலில் ரியாஸ் கண்டக்டர், டிரைவர் சீட்டில் வேறு ஆள்.

பியூலா மருந்துக்கடைக்குப் போய்க் கட்டுத்துணியும் தைலமும் வாங்கி வந்து கட்டிவிட்டாள். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டாள். போய்விட்டாள்.

பிப்ரவரி 5, நாகர்கோவில்

நேற்று என்னைக் கடைசி வரிசையில் ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இந்த நாடகத்தை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை.

ரியாஸ் எங்கே தடுமாறுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இடத்தில் தடுமாறினான். அதற்குப் பிறகு பியூலா ஏறினாள்.

நான் அவளைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதுவும் என் அடுத்த வசனத்தை நினைத்துக்கொண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் அது வேறாக இருந்தது. கூடையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் கோழிக்கு முகம் துடைத்துவிட்டாள். இவ்வளவு நாள் அதைக் கவனித்ததில்லை. ரியாஸ் கோழிக்கும் டிக்கெட் என்றான். சொல்லிவிட்டுச் சும்மா நின்றான். விசிலைத் தொடவில்லை, மெஷினைத் தட்டவில்லை. அவளுக்காக நின்றான். அந்த நேரத்தை அவள் எடுத்துக்கொண்டாள். கோழி திரும்பிப் பார்த்தது.

என் வாயிலிருந்து சத்தம் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் என் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் அவர் தோளில் தட்டினேன்.

சிரிப்பு முழுசாக அடங்கும் வரை ரியாஸ் பாடவில்லை. அடங்கியதும் தொடங்கினான். அப்போது ஒன்று நடந்தது. இப்போதுதான் வயிறு வலிக்கச் சிரித்த ஜனங்கள் முதல் வரியிலேயே அமைதியாகிவிட்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் மூக்கை உறிஞ்சினார். நான் பாடும்போது யாரும் அப்படி அழுததாக எனக்குத் தெரியாது. நான் ஒருநாளும் சிரிப்பு முழுசாக முடியக் காத்திருந்ததில்லை. அவசரமாக அந்தச் சிரிப்பின் மேலேயே பாடியிருக்கிறேன்.

ரியாஸின் குரல் என் குரலில் பாதிகூட இல்லை. அதில் எனக்கு எரிச்சல் இல்லை. வணக்கம் சொல்ல எல்லாரும் வரிசையாக நின்றபோது பியூலா அவன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள், நன்றி மாதிரி. கன்னத்தில் குழி விழச் சிரித்தாள். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். அவள் முன்னால், அவ்வளவு பக்கத்தில், அவளுக்காகக் காத்துக்கொண்டு. அவன் நின்றான்.

பொறாமையாக இருந்தது. எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 6, நாகர்கோவில்

காலையில் பெண்கள் அறை வாசலில் போய் நின்றேன். பியூலா தலை துவட்டிக்கொண்டே வந்தாள். நேற்று உன்னைப் பார்த்தேன், சிரித்துவிட்டேன், ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். திருச்சியில் விசில் ஊதியது வேண்டுமென்றேதான் என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். பிறகு, "கால ஊனாதிய" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 8, நாகர்கோவில்

கால் பரவாயில்லை. ரியாஸிடம் அந்தக் காட்சியில் எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று கேட்டேன். அளவெல்லாம் இல்லை அண்ணே, அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், தெரிந்துவிடும் என்றான்.

பிப்ரவரி 11, தூத்துக்குடி

நேற்று திரும்ப மேடை ஏறினேன். குதிக்க வேண்டிய இடத்தில் மெதுவாக இறங்கினேன். யாரும் கவனிக்கவில்லை.

கோழிக்காரம்மா ஏறினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் கோழிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்றேன். விசிலைக் கீழே விட்டேன். நின்றேன்.

அவள் கூடையைத் திறந்து கோழியை எடுத்தாள். எப்போதும் சொல்கிறதைச் சொன்னாள். சிரித்தார்கள். நான் அசையவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். மேடையில் அவள் என்னை நேராகப் பார்த்தது இதுவரை இல்லை, கோழிதான் பார்க்கும். சிரிப்பு மெல்ல அடங்கியது. நான் அப்போதும் நின்றேன். ரியாஸ் டிரைவர் சீட்டில் திரும்பிப் பார்த்தான்.

பியூலா கோழியின் காதுப் பக்கம் குனிந்தாள். அரங்கம் முழுக்கக் கேட்கிற ரகசியமாக, "அய்யா இன்னைக்குப் பொறுமையாத்தான் நிக்காவ" என்றாள்.

கோழி என்னை மேலும் கீழும் பார்த்தது.

"அதுக்காவ நீ ஒடனே நம்பிராத. இன்னும் நாலு ஊரு போட்டும். பாப்போம்."

திருநெல்வேலியில்கூட இப்படிச் சிரிக்கவில்லை. யாருக்கும் எதற்கென்று தெரியாது. எனக்குத் தெரியும், ரியாஸுக்குத் தெரியும், அவன் தோள் குலுங்கியது. கண்டக்டர் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ள வேண்டிய காட்சி. என்னால் முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டேன். அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பாதி எனக்கு வந்தது என்று நினைக்கிறேன். சரி, கால்வாசி.

முழுசாக அடங்கிய பிறகுதான் பாடினேன்.

நாடகம் முடிந்ததும் அவள் வழக்கம்போலப் பெண்கள் அறைக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. இன்று மதியம் கிளம்புகிறோம். அடுத்த ஊர் விருதுநகர். அந்த நாலில் அது முதல் ஊர்.